மூன்றாம் எண் பேச்சு

இந்த இடத்தில் யாரும் இல்லையே? நல்லது. கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். மடியில் வைத்திருக்கும் பையைக் கீழே வைத்தால் உங்களுக்கும் வசதியாக இருக்கும். வேண்டாமா? சரி, வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான பையாக இருக்கும்.

கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, தப்பாக நினைக்கக் கூடாது. தலை இருக்கிறது, தோள் இருக்கிறது, நடுவில் மார்கழி மாதம். வலது கண்ணின் பின்பக்கம் நீர் கோத்திருக்கிறதாம். ஊசி போட வேண்டும். விழித்திரை டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார், பன்னிரண்டு மணி அடித்தால் கிளம்பிவிடுவார். இந்த வியாழனை விட்டால் அந்தக் கண் திரும்புவது சந்தேகம் என்று போன வாரம் பார்த்த பெண் டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, "கூட யாரும் வரலையா?" என்று கேட்டார். ஓ.பி. சீட்டில் 'உடன் வந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இன்றைக்கும் அதில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன்.

மணி என்ன? பதினொன்று பத்தா? தாராளம். என் டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே எத்தனை நடக்கிறது? இருபத்தாறா? ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து பேருக்கு நாற்பத்தைந்து நிமிடம். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கிறது. இந்த மூன்று நிமிடம் என் ஊகமில்லை, அம்மா. நானே ஸ்டாப் வாட்ச் பிடித்து எடுத்தது.

எந்த ரூமுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறீர்கள். பதினாலு. அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் கோட்டைப் பிடித்து வந்தேன். தரையில் பார்த்திருப்பீர்களே, ஐந்து நிறத்தில் கோடுகள். சிவப்பு ரத்தப் பரிசோதனைக்கு, நீலம் பல்லுக்கு, பச்சை எலும்புக்கு, வெள்ளை தாய்மைப் பிரிவுக்கு, மஞ்சள் கண்ணுக்கு. அந்தக் கோடுகள் என்னுடையவை. பெயின்ட் அடித்தவர் வேறு யாரோ. யோசனை என்னுடையது. மருந்து விட்ட கண்ணுக்கு மஞ்சள் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான்.

என் பெயர் வசுமதி. நிறுவனச் செயல்திறன் ஆய்வு மையம் என்று ஒன்று இருந்தது, நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் முப்பத்தொரு வருடம். ஒரு நிறுவனம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அந்த நிறுவனத்துக்கே தெரியாது. நாங்கள் போய், உட்கார்ந்து, பார்த்து, எண்ணிச் சொல்வோம். ஒரு நூலகத்தில், 'எங்களிடம் புத்தகமே தொலைவதில்லை' என்று பெருமையாகச் சொன்னார்கள். மூன்று மாதம் எண்ணிப் பார்த்தேன். படிக்க வருகிறவர்களே இல்லை, அதனால் தொலையவில்லை. எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, எண்ணுக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

கல்லூரியில் கவிதை எழுதினேன். ஆண்டு மலரில் இரண்டு வந்திருக்கின்றன. பிறகு அட்டவணைகளுக்குத் தலைப்பு எழுதினேன். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். சொல் குறைய வேண்டும், ஓசை கெடக் கூடாது. 'சேவைபெறாது திரும்பியோர்.' கேட்டுப் பாருங்கள், என்ன ஓசை! அந்த அட்டவணையில் ஒரு எண்கூட இல்லை. திரும்பிப் போனவர்களை எங்கே பிடித்துக் கேட்பது?

இந்த ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது ஆறு வருடத்துக்கு முன்னால், கத்திரி வெயிலில். அறக்கட்டளைச் செயலாளர் சிதம்பரநாதன் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், ஆஸ்பத்திரி நன்றாக நடக்க வேண்டும் என்ற கவலை உள்ளவர். "ஜனங்க ரொம்ப நேரம் காத்துக் கிடக்காங்க மேடம். சாத்தூர்ல இருந்து, அருப்புக்கோட்டைல இருந்து வர்றாங்க, பாதி நாள் இங்கயே போயிருது. எங்க அடைக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எங்கே அடைக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிட்டேன். வாசலில். நுழைந்ததும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மர ஸ்டூல், அதில் பவளக்கொடி. விசாரணை ஆயா என்று அந்தப் பதவிக்குப் பெயர். நிறுவனர் காலத்தில் உண்டாக்கியது. வருகிறவர்களுக்கு எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்வது வேலை. அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். "எலும்புப் பிரிவு, இடது பக்கம், நான்காம் அறை." நான்கு நொடி. அவள் என்ன செய்வாள் என்றால், வருகிறவர்களை முதலில் நிற்க வைப்பாள்.

"வாங்கய்யா. எங்கிட்டு வலிக்குது?"

எந்தத் துறை என்று கேட்க மாட்டாள். எங்கே வலிக்கிறது என்று கேட்பாள். அவன் சொல்ல ஆரம்பிப்பான். அங்கேயே வரிசை நின்றுவிடும்.

பன்னிரண்டு நாள் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், மடியில் தாள். அவள் பேசுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். சரியான வழிகாட்டல் என்றால் ஒன்று. தவறான வழிகாட்டல் என்றால் இரண்டு. பணிக்குத் தொடர்பற்ற பேச்சு என்றால் மூன்று.

"என்னம்மா எழுதுறீங்க?" என்று கேட்டாள்.

"நீ பேசுறதை."

"இதுல எழுத என்ன இருக்கு?"

அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். சிரித்தாள். "எனக்கும் சொல்லுங்க, தெரிஞ்சிக்கிடுறேன்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். மூன்று.

நான் யாருக்கும் பாதகம் நினைத்து எண் போடுகிறவள் இல்லை. நீங்களே சொல்லுங்கள். ஒருவர் ரத்தப் பரிசோதனைக்கு வழி கேட்கிறார். இவள் கேட்கிறாள், "காலைல சாப்டீங்களா?" அவர் இரண்டு இட்லி சாப்பிட்டேன் என்கிறார். "அப்பப் போயிட்டு நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று அனுப்பிவிடுகிறாள். அவர் சாப்பிட்டதற்கும் வழிக்கும் என்ன சம்பந்தம்? மூன்று. ஒரு நாளில் இருபது முப்பது தடவை இந்தச் சாப்பாட்டுக் கேள்வி வரும்.

இன்னொருவர், லாரி ஓட்டுகிறவர், தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல் டாக்டர் எங்கே என்று கேட்டார். தெளிவான கேள்வி. நீலக் கோடு... அப்போது கோடு இல்லை, வலது பக்கம், ஏழாம் அறை. இவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டை நனைந்திருந்தது. "பல்லு வலிக்கு இப்பிடியா வேர்க்கும்?" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, சக்கர நாற்காலியில் அவரை உட்கார வைத்து, அவர் 'ஏம்மா, பல்லும்மா, பல்லு' என்று சொல்லச் சொல்ல அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். கேட்டது பல். அனுப்பியது இதயம். நான் என்ன எண் போட முடியும்? இரண்டு. தவறான வழிகாட்டல். அதுபோக ஒன்பது நிமிடம் பணியிடத்தில் இல்லை.

அவருக்கு என்ன ஆயிற்றா? பிழைத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து நின்றார். பவளக்கொடி வாங்கி அங்கேயே வரிசையில் நின்றவர்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். நான் வாங்கவில்லை. 'நோயாளிகளிடமிருந்து பொருள் பெறுதல்' என்று அடிக்குறிப்பு எழுதினேன். பெயர் போடவில்லை. நாகரிகம் இருக்கிறதில்லையா?

ஏன் இங்கே எல்லாரும் இப்படித் தண்ணீர் குடிக்கிறார்கள்? அந்தப் பக்கம் ஒரு பெண் பாட்டிலை வைத்த வாய் எடுக்கவில்லை. நீங்களும் குடிக்கிறீர்கள், சத்தம் கேட்கிறது. வெயில்தான். இன்னொன்று கவனித்தீர்களா, இந்த வரிசை முழுக்கப் பெண்கள். குரலை வைத்துச் சொல்கிறேன். கண் நோய் பெண்களுக்குத்தான் அதிகம் என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். கண் முன்னால் ஆதாரம்.

என்ன? சொல்ல வந்ததை முடித்துவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். இப்போது எத்தனையாம் நம்பர்? முப்பதா? சரியாகப் போகிறது.

பன்னிரண்டு நாள் எண்களைக் கூட்டினேன். ஒன்று, நூற்றுக்கு முப்பத்து மூன்று. இரண்டு, ஆறு. மூன்று, அறுபத்தொன்று. அட்டவணையை மேசையில் விரித்ததும் சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அறுபத்தொண்ணா? நெசமாவா மேடம்? அந்தம்மா நல்லா வேலை பாக்குதுன்னுல்ல இத்தனை நாளும் நெனச்சேன்."

"நல்லாப் பேசுறாங்க சார்" என்றேன். "வேலை வேற."

மூன்று பரிந்துரை கொடுத்தேன். விசாரணை ஆயா பதவியை எடுத்துவிட வேண்டும். தரையில் கோடு போட வேண்டும். வருகிறவர்களை எண்ண வாசலில் ஒரு கருவி வைக்க வேண்டும். கருவி பார்த்தீர்களா? வாசல் சட்டத்தில் சின்னக் கறுப்புப் பெட்டி. ஒரு ஆள் உள்ளே வந்தால் 'டிக்' என்று பல்லி மாதிரி ஒரு சத்தம். வெளியே போகிறவர்களை அது எண்ணாது. அதற்கு இன்னொரு பெட்டி வேண்டும். எதற்கு? போகிறவர்கள் போகிறார்கள்.

பதவி போகிற செய்தி தெரிந்த அன்று பவளக்கொடி நான் உட்கார்ந்திருந்த அறைக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நாலு வாக்கியம் உண்டு. அவள் அழவில்லை.

"சம்பளம் வேணாம்மா. ஸ்டூலு மட்டும் இருக்கட்டும். அங்கிட்டு ஓரமா உக்காந்துக்கிடுறேன்."

"சம்பளம் இல்லாம எதுக்கு உக்காரணும்?"

"இவங்கள்லாம் பயந்துபோயி வர்றாங்கம்மா. கோட்டப் பாப்பாங்களா?"

நான் அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். ஒரு மாற்றம் பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்? மாற்றத்துக்கு முன்னால் ஒரு தடவை அளக்கிறோம், பின்னால் ஒரு தடவை அளக்கிறோம், இரண்டையும் ஒப்பிடுகிறோம். பின்னால் அளக்கும்போது பழைய ஏற்பாடும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் எது எதனால் நடந்தது என்று எப்படிச் சொல்வது? "நீ உள்ளே இருந்தா என் ஒப்பீடு கெட்டுப்போயிடும், பவளக்கொடி" என்றேன். கடுமையாகச் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேனே, இந்தக் குரலில்தான்.

"எதுவரைக்கும் உள்ள?" என்று கேட்டாள்.

"வாசல் வரைக்கும். ஆய்வு எல்லை வாசலோட முடியுது."

"சரிம்மா. அப்ப வெளிய இருந்துக்கிடுறேன்" என்றாள்.

போகும்போது கதவருகே திரும்பி, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டாள். பன்னிரண்டு நாளும் மதியம் ஒன்றரைக்கு என்னிடம் அதைக் கேட்டிருக்கிறாள். தாளில் இருக்கிறது. பன்னிரண்டும் மூன்றுதான். எனக்கென்று தனி எண் போட முடியுமா? அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதாகக் குறிப்பு இல்லை.

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். விடுங்கள்.

ஆறு மாதம் கழித்துப் பின் அளவீட்டுக்கு வந்தேன். உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வருகை நூற்றுக்கு நாற்பது கூடியிருந்தது! அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர்கள், அதே ஊர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இன்னும் ஆச்சரியம். பரிசோதனைகள் நூற்றுக்குப் பதினெட்டுக் கூடுதல். ஒரே ஆள் இன்றைக்கு வந்து, நாளைக்கும் வந்து எடுத்துக்கொள்கிறார். பரிசோதனைக் கூடத்துப் பையன்கள் சலித்துக்கொண்டார்கள், "சாப்ட்டு வந்துர்றாங்க மேடம், மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கு" என்று. மக்களுக்கு ஆரோக்கியத்தில் அக்கறை வந்துவிட்டது என்று எழுதினேன்.

காத்திருக்கும் நேரம்தான் மகுடம். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணி, ஒரு மணி நேரத்து வருகையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வந்துவிடும். எளிய முறை. வருகை கூடக் கூட, காத்திருப்புக் குறையும். ஐம்பத்தாறு நிமிடம் நாற்பதாக இறங்கியிருந்தது. பதினாறு நிமிடம், அம்மா! எத்தனை பேருடைய பதினாறு நிமிடம்! அன்றைக்கு ராத்திரி... வேண்டாம், அழுதேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வரி எழுதினேன். முப்பது வருடத்துக்குப் பிறகு. பிறகு கிழித்துவிட்டேன், ஓசை சரியில்லை.

முன்மாதிரி மருத்துவமனை என்று ஒரு கேடயம் கிடைத்தது. இந்தக் கூடத்துச் சுவரில்தான் எங்கேயோ இருக்க வேண்டும். பதினோரு ஆஸ்பத்திரிகள் என் அறிக்கையை வாங்கிப் போய் வாசலில் இருந்த ஆயாக்களை எடுத்துவிட்டார்கள். கோடு போட்டார்கள். பெட்டி வைத்தார்கள்.

என் மனக்குறை ஒன்றே ஒன்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பவளக்கொடி வெளியே இருந்துக்கிடுறேன் என்றாளே, சும்மா சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே பத்தடியில் ஒரு டீக்கடை. அங்கே ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் பாட்டில், பேனா, ஊக்கு விற்கிறாள். ஆறு வருடமாக அங்கேயே. ஜனங்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? உள்ளே வருகிறார்கள். தரையில் ஐந்து நிறத்தில் கோடு, சுவரில் பலகை, அம்புக்குறி. அதையெல்லாம் ஒரு பார்வை பார்க்கிறார்கள். பிறகு திரும்பி வெளியே போய், பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்பிள்ளையிடம் கேட்டுவிட்டு, மறுபடியும் உள்ளே வருகிறார்கள். படித்தவர்கள்கூட! நானே நின்று பார்த்திருக்கிறேன். வாசலில் டிக், டிக், டிக் என்று ஓயாத சத்தம், இவர்கள் போவதும் வருவதுமாக. இவ்வளவு நல்ல ஏற்பாட்டைச் செய்துகொடுத்தும் பழைய பழக்கத்தை விட மாட்டேன் என்கிறார்களே என்றுதான் எனக்கு வருத்தம். எண்கள் இவ்வளவு நன்றாக வந்திருக்கின்றன. மனிதர்கள் ஒத்துழைத்திருந்தால் இன்னும் எங்கேயோ போயிருக்கும்.

ஒரு டாக்டர் அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினார். 'சரியான இடத்துக்கு வருகிற நோயாளிகள் எல்லாரும் வெளியே இருக்கும் அம்மா சொன்னார் என்கிறார்கள், அவரை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாமே' என்று. சிதம்பரநாதன் என்னிடம் கருத்துக் கேட்டார். வெளியே நடப்பது ஆய்வு எல்லைக்குள் வராது என்று பதில் எழுதினேன். அதோடு, முன்னாள் பணியாளர் யாரும் வளாகத்துக்குள் நின்று வழிகாட்டக் கூடாது என்று ஒரு விதியும் சேர்த்தேன். ஒன்பதாவது விதி. கோபத்தில் இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறது.

இப்போது எத்தனையாம் நம்பர்? முப்பத்தொன்றா? இவ்வளவு நேரத்தில் ஒன்றுதான் நகர்ந்ததா? மணி? பதினொன்று முப்பத்தெட்டு.

ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது சராசரி. சில பேர் அதிகம் எடுத்துக்கொள்வார்கள்.

என்ன, மூன்றாம் தடவையாக ஏதோ சொல்ல வருகிறீர்கள். நான் வேறு இடம் என்கிறீர்களா? அம்மா, கோடு போட்டவளிடமே கோட்டைப் பற்றிச் சொல்கிறீர்கள்.

தொண்டை காய்ந்துவிட்டது. இந்தப் பையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு வாய் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். வாசல் பக்கம் வெளிச்சமாகத் தெரிகிறது, போய்விடுவேன். வழி கேட்கப் போகவில்லை. டீ குடிக்கத்தான்.

*

பையைக் கொடுங்கள், அம்மா. சீக்கிரம். உட்கார நேரமில்லை. மணி பதினொன்று நாற்பத்தேழு.

டீக்கடை இருக்கிற திசையில் நடந்தேன். கடைக்குப் போய்ச் சேரவில்லை. பாதியிலேயே, "ஆய்வும்மா! கண்ணுல மருந்த விட்டுக்கிட்டு வெயில்ல எங்க போறீங்க?" என்று குரல் வந்தது. அவளுக்கு என் பெயர் தெரியாது. ஆறு வருடமாக எனக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது. முகம் பனியில் இருந்தது. குரல் நேற்றுக் கேட்டது போல இருந்தது.

டீ என்றேன்.

"டீ கெடக்குது. எங்கிட்டு வலிக்குது?"

வலியில்லை, கண், பதினாலாம் அறை, பன்னிரண்டு மணி என்றேன். எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டாள். கோட்டைப் பிடித்துப் போன கூடம், இடது பக்கம், சுவரோரம் பெஞ்சு, எல்லாரும் பெண்கள், எல்லாரும் தண்ணீர் குடிக்கிறார்கள் என்றேன்.

சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார். டீ குடிக்க வந்த யாரோ ஒருவர்கூடச் சிரித்தார்.

"அது பிள்ளத்தாச்சிக்கு ஸ்கேன் எடுக்குற எடம்மா. நீங்க வெள்ளக் கோட்டுல போயிருக்கீங்க. உங்களுக்கென்ன, பையனா பொண்ணான்னு பாக்கணுமா?"

ஆக, உங்கள் மடியில் இருப்பது பை இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். கீழே வைக்கச் சொன்னேனே.

கண் மருந்து விட்ட நோயாளிகளை மஞ்சள் கோட்டைப் பார்த்துப் போகச் சொல்வதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருப்பதாகத் தெரிகிறது. அறக்கட்டளைக்கு எழுத வேண்டும். கோட்டை அகலப்படுத்தலாம்.

பதினாலாம் அறை பின்கட்டில் இருக்கிறதாம். இரண்டு திருப்பம், ஒரு சாய்வுப் பாதை. சொல்லிப் பார்த்தாள். நான் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் சாய்வை விட்டுவிட்டேன். "நீ கூட வாயேன்" என்றேன். எப்படி வந்தது அந்தச் சொல் என்று தெரியவில்லை.

அவள் பேனாக்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டாள்.

"நான் உள்ள வந்தா உங்க ஒப்பீடு கெட்டுப்போயிடாதாம்மா?"

அவளுக்கு நினைவிருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை. நான் பேசுவதை அவள் எந்தத் தாளில் எழுதி வைத்தாளோ.

"ஆய்வுக் காலம் முடிஞ்சிடுச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது?

வாசலில் காவலாளி தடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. விதி ஒன்பது, பலகையில் எழுதி மாட்டியிருக்கிறது. "நோயாளியா, உடன் வந்தவரா? ரெண்டுல ஒண்ணுன்னா விடுறேன். சீட்டுல பேரு இருக்கா?" என்றார். சீட்டை நீட்டினேன். 'உடன் வந்தவர்' கட்டத்தில் என் கோடு. பவளக்கொடி தன் பேனா ஒன்றை எடுத்துத் தந்தாள். கோட்டுக்கு மேலேயே எழுதினேன். கண் தெரியாமல் எழுதியது, கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

"உறவுன்னு இருக்கே, என்ன உறவு?" என்று கேட்டார் காவலாளி.

முப்பத்தொரு வருடம் படிவம் தயாரித்தவள். ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியாமல் நின்றேன்.

"தங்கச்சின்னு போடுங்கம்மா" என்றாள் அவள். "பொய்யின்னா ஆய்வு பண்ணிக் கண்டுபிடிக்கட்டும்."

தங்கை என்று போட்டேன். அதோ நிற்கிறாள், தூண் பக்கம். அவசரப்படுத்துகிறாள் பாருங்கள். இங்கேயும் ஒரு நிமிடம் சும்மா நிற்கவில்லை, நீலப் புடவை உடுத்தியவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அந்தப் பெட்டி டிக் என்றது. ஒரு தடவையில்லை, இரண்டு தடவை. கண்தான் மங்கல், காது நன்றாகவே இருக்கிறது. காலையில் நான் வந்தபோதும் டிக் என்றது. ஆக, மூன்று. ஆறு வருடம் ஆகியும் வருகை கூடிக்கொண்டுதான் இருக்கிறது, பார்த்தீர்களா?

என்ன? காலையில் எண்ணிய அதே ஆளைத்தானே இப்போதும் எண்ணியது என்கிறீர்களா?

ஒரே ஒரு ஆளை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, அம்மா. அது முறையில்லை.

வருகிறேன், பவளக்கொடி, வருகிறேன். கையைப் பிடி, சாய்வு எங்கே என்று சொல். அம்மா, நீங்கள் நிறையத் தண்ணீர் குடித்தீர்களா? ஸ்கேனுக்குக் குடித்திருக்க வேண்டுமாம். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா? அவள்தான் கேட்கச் சொன்னாள். முதல் கேள்வியை.